அசலுக்கான இணைப்பு

"இந்தப் படைப்பின் உரிமையாளர் நீங்கள்தானா?"
ஆம் என்ற வட்டத்தைத் தொடச் சொல்கிறது படிவம்.

குத்தாலம் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில்
பத்துக்கு எட்டு கடை.
ஊரின் காதுகுத்தும் கல்யாணமும் கருமாதியும்
பதினொரு வருடமாகச் சதுர அடி கணக்கில்
என் கை வழியாகத்தான் போகின்றன.
கண்ணீர் அஞ்சலிக்கென்று
நாற்பது வாசகம் கைவசம் உண்டு.
யார் எழுதியதோ.
படத்தையும் வயதையும் மாற்றினால் முடிந்தது வேலை.

வீரசேகரனுக்கு மட்டும்
நாற்பதில் ஒன்றும் பொருந்தவில்லை.
தம்பி. இருபத்தொன்பது.
ஆனி மாதம், ராத்திரி முறைத் தண்ணீர்.
விடிந்துதான் பார்த்தோம்.
ஆர்டர் கொடுத்தவனும் நான்
எடுத்தவனும் நான்.
பத்துக்கு எட்டில் இரண்டே வரி அடித்தேன்:

மடையத் தொறந்துட்டு வர்றேன்னு போன.
தண்ணி வந்துட்டுடா.

ஐப்பசியில் திருப்பூரிலிருந்து மாமா மகன் அனுப்பினான்.
"அண்ணே, இது நம்ம வீரா போஸ்டர்ல உள்ளதுல்ல?"
இரண்டரை லட்சம் பேர் பின்தொடரும் பக்கம்.
தம்பி முகம் இருந்த இடத்தில்
முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண்,
கீழே உடைந்த இதயம்.
'டா'வை 'டி' ஆக்கியிருந்தார்கள்.
'வந்துட்டு' அவர்களுக்குப் பிழையாகப் பட்டிருக்கும்;
'வந்துருச்சு' என்று திருத்தியிருந்தார்கள்.
எங்கள் பக்கத்தில்
தண்ணீர் வந்துட்டுதான், வந்துருச்சு இல்லை.
இதைவிடப் பெரிய ஆதாரம் என்னிடம் கிடையாது.
அதை எழுதப் படிவத்தில் கட்டமும் கிடையாது.

"அசல் படைப்புக்கான இணைப்பைத் தரவும்."

அசல்
கொள்முதல் நிலையத்துத் திறந்தவெளியில் கிடக்கிறது.
பதினாறாம் நாள் இறக்கிய ஃபிளெக்ஸை
இங்கே யார் வீசுகிறார்கள்?
ஈரப்பதம் அதிகமென்று ஒன்பது நாளாகக் காத்திருக்கும்
கலியமூர்த்தியின் நெல்லை
குப்புறப் படுத்து மூடிக்கொண்டிருந்தான் என் தம்பி.

"ஒரு நிமிஷம் திருப்பிக்கிறேன், போட்டோ எடுக்கணும்."
கலியமூர்த்தி என்னைப் பார்க்கவில்லை,
வடகிழக்கைப் பார்த்தார்.
"சீக்கிரம் எடு."
நாலு பேர் நாலு மூலையைப் பிடித்தோம்.
நெல்லின் ஆவியில் கன்னம் சுருங்கி
புருவத்தில் பதர் ஒட்டி
வந்தான்.
இரண்டு தூறல் விழுந்தது.
"போதும், மூடு மூடு" என்றார்.

கடைசிக் கட்டம்:
மேற்கண்டவை உண்மை என உறுதியளிக்கிறேன்,
பொய்யெனில் சட்ட நடவடிக்கைக்கு உட்படுவேன்.
விரல் நின்றது.
போஸ்டரில் எரிந்த குத்துவிளக்கு
இணையத்தில் இறக்கியது.
பறக்கும் புறாவின் வயிற்றில் இருந்த யாரோ ஒருவர் பெயரை
நான்தான் அழித்தேன், அரைமணி நேரம் பொறுமையாக.
எழுத்துரு, மயிலாடுதுறையில்
நண்பன் எரித்துக் கொடுத்த குறுந்தகடு.
அந்த இரண்டு வரியுமே கூட.
"மடையத் தொறந்துட்டு வர்றேன்"
வாசலில் நின்று அவன் சொன்னது.
திரையிலிருந்து தலை எடுக்காமல்
"ம்" என்றேன் நான்.

படைப்பை விவரிக்கவும் என்ற இடத்தில் தட்டினேன்:
முதல் வரி தம்பி. இரண்டாவது வரி நான்.
அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள்
"நீங்கள் புகாரளித்த பதிவு நீக்கப்பட்டது.
எங்கள் சமூகத்தைப் பாதுகாக்க உதவியதற்கு நன்றி."

ஜெயித்துவிட்டேன் என்று
டீக்கடையில் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான்
அதன் கீழே இருந்த ஆயிரத்துச் சொச்சம் பின்னூட்டங்கள்
ஞாபகம் வந்தன.
புகார் கொடுக்குமுன் கோபத்தில் படித்தவை.
பாதிக்கு மேல் காதல் தோல்வி, கண்ணீர்ப் பொம்மை.
நடுவில் முத்துப்பேட்டை ஃபாத்திமுத்து:
"வாப்பா வர்றேன்னு கடலுக்குப் போனாங்க. மீன் வந்துச்சு."
பிறகு இன்னொருவர், ஆணா பெண்ணா தெரியாது:
"டயாலிசிஸ் பண்ணிட்டு வர்றேன்னுச்சு அம்மா.
சாயந்தர பஸ் வந்துட்டு."

வந்துட்டு.
எங்கள் பக்கத்து ஆள்.
அந்தப் பேருந்து எந்த ஊருக்கு வந்தது என்று
கேட்க நினைத்தேன்.
பெயரைக் குறித்துக்கொள்ளவில்லை.